ரெண்டு பொத்தான் வாட்ச்சின் பின்மூடி

இப்போது எனக்கு வருகிற போன்களில் பாதி, பழைய வாட்ச் வாங்குகிற பையன்களிடமிருந்து வருகிறது. போட்டோ அனுப்புகிறார்கள். முகம் மட்டும் தெரியும், பெண் பார்க்க அனுப்பின போட்டோ மாதிரி. "அண்ணே, இது ஒரிஜினலா?" என்று ஒரு கேள்வி. "பின்மூடியத் திறந்து ஒரு போட்டோ அனுப்புப்பா" என்பேன். "திறந்தா மதிப்புப் போயிருமாமேண்ணே" என்று ஒருவன் சொன்னான். திறக்காமல் மதிப்புச் சொல்வதற்கு என்னிடம் கிளியும் கூண்டுமா இருக்கிறது?

போன மாதம் கம்பத்திலிருந்து இரண்டு பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். இரண்டு பேரும் வாட்ச் கடை வைத்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றுவதும் வார் மாற்றுவதும்தான் வேலை. அவர்களிடம் யாரோ ஒரு பழைய ரெண்டு பொத்தான் வாட்ச்சைக் கொடுத்து, நல்லதா கெட்டதா சொல்லச் சொல்லியிருக்கிறார். "நீங்க எப்படிண்ணே கண்டுபிடிச்சீக? எழுதித் தாங்க" என்றார்கள். நான் எட்டாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை. இதில் பிழை இருந்தால் என் வாத்தியாரைத் திட்டிக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்தபோது அவர் என்னைத் திட்டினதற்குச் சரியாகப் போகும்.

தொழில் கற்ற கதை சின்னது. மதுரையில் ஒரு கடையில் இரண்டு வருடம் அலாரம் கடிகாரங்களைக் கழற்றினேன். மூன்றாவது வருடம் திரும்ப மாட்டவும் வந்தது. அதற்குப் பிறகு கம்பம் கடைவீதியில் சாமுவேல் அண்ணாச்சியின் வாட்ச் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகள் முடிகிற சமயம். எனக்கு இருபது வயது, அண்ணாச்சிக்கு முப்பத்தைந்து இருக்கும். அவர் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை. வேலை தெரியும் என்று சொல்லிச் சேர்ந்த ஆளுக்குப் பாடம் எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

அண்ணாச்சி முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் கடைக்கு வருவார். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். யாராவது வாட்ச்சை நீட்டினால் உடனே வாங்கமாட்டார். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கைகழுவுவார். ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கண்ணாடி மேசையின்மேல் வெள்ளைத் துணியை விரிப்பார். வாட்ச்சை அதில் குப்புறப் போடுவார். இவ்வளவும் முடிந்த பிறகு, "சொல்லுங்க" என்பார்.

வந்தவர் தன் வாட்ச்சைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லவேண்டும். எங்கே வாங்கியது, யார் ரிப்பேர் பார்த்தது, உள்ளே என்ன இருக்கும். அண்ணாச்சி அதை ஒரு துண்டுச் சீட்டில் எறும்பு எழுத்தில் எழுதுவார். எழுதினதை ஒருமுறை வாசித்துக் காட்டுவார். பிறகுதான் மூடியைத் திறப்பார். அவசரக்காரர் யாராவது "மொதல்ல திறங்க அண்ணாச்சி" என்றால், "சொல்லிட்டுத்தான் திறக்கணும்" என்பார். "திறந்தப்பறம் எல்லாரும் பாத்துப்புட்டு, ஆமா, நானும் அதத்தான் சொன்னேன்னு சொல்லிருவாக."

'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்ற இரண்டு வார்த்தையும் அவர் வாயில் வராது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்வார். மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் நெல் விற்று வாங்கின வாட்ச்சைக் கொண்டுவந்தபோது, "மெசின் நல்ல மெசின். முகம் வேற வீட்டு முகம்" என்றார். அதாவது, டயலை யாரோ மாற்றிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த மனிதர் வருத்தப்பட்டார். "மனுசனுக்கு மெசின் நல்லா இருந்தாப் போதும்யா, எங்க அண்ணாச்சி மூஞ்சியப் பாத்தா யாராவது கடைக்கு வருவாகளா?" என்று நான் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் சிரித்ததை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

ரெண்டு பொத்தான் வாட்ச் என்று நாங்கள் சொன்னதைப் புத்தகத்தில் குரோனோகிராப் என்று போட்டிருக்கும். சாவி கொடுக்கிற திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். மேல் பொத்தானை அமுக்கினால் நடுவில் சும்மா நிற்கிற நீள முள் ஓடத் தொடங்கும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அமுக்கினால் பன்னிரண்டுக்கே குதித்துத் திரும்பும். டயலில் இரண்டு சின்ன வட்டங்கள். இடது வட்டத்தில் வினாடி ஓடும், வலது வட்டம் முப்பது நிமிடம் வரை எண்ணும். கொச்சியில் இறங்கி, குமுளி வழியாக ஜீப்பில் நம் பக்கம் வந்த சரக்கு. பில் கிடையாது, பெட்டி கிடையாது. அதனால்தான் அடையாளம் காண்பது ஒரு தனி வேலையாக இருந்தது.

ஜெயமங்கலத்துப் புது மாப்பிள்ளை ஒருவன் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். மாமனார் போட்டது. "அண்ணாச்சி, ஓடுது, ஆனா நீள முள்ளு மட்டும் நகர மாட்டேங்குது" என்றான். அண்ணாச்சி இரண்டு பொத்தானையும் ஒவ்வொரு தடவை அமுக்கிப் பார்த்தார். நல்ல வாட்ச்சில் மேல் பொத்தான் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு 'டக்'கென்று இறங்கும். இது வெண்ணெயில் விரல் விட்ட மாதிரி இறங்கியது. திறந்தால் உள்ளே சாதாரண மெசின். பொத்தான்களுக்கு அடியில் ஆளுக்கொரு ஸ்பிரிங் மட்டும் இருந்தது. டயலில் இருந்த சின்ன வட்டங்கள் அச்சடித்த கோலம். "பொத்தானுக்கு உள்ள வேலை ஒண்ணும் இல்ல" என்றார் அண்ணாச்சி. மாப்பிள்ளை முகம் கறுத்தது. மாமனாரிடம் போய் நிற்கப்போகிறான் என்று தெரிந்தது. "பொண்ணுக்கு ரெண்டு காது இருக்கே, நீங்க சொல்றது எதாவது உள்ள போகுதா? அத விட்டுட்டு இதப் போய்ச் சண்டை போடுவீகளா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டான். என் வாயால் நல்லது நடந்தது அது ஒரு தடவை. கெட்டது நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாட்ச்சைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எண்ணெய் வைத்து முடித்தால், பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசி முனையால் மாதமும் வருடமும் கீறிவைக்கவேண்டும். அடுத்த தடவை யார் திறந்தாலும், கடைசியாக எப்போது வேலை பார்த்தது என்று தெரியும். எல்லா ஊர் ரிப்பேர்காரனும் செய்வதுதான். எங்கள் கடைக் கீறலில் வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொக்கியும் போடச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. வாட்ச்சின் நம்பரை நோட்டில் எழுதவும் சொல்லியிருந்தார். இரண்டும் என் வேலை.

வாட்ச்சுக்கென்று உள்ள தனி நம்பர், மூடியின் வெளிப்பக்கத்தில், வேர்வையில் பாதி தேய்ந்து, லென்ஸை வைத்தாலும் கண் வலிக்கிற மாதிரி இருக்கும். உள்பக்கத்தில் நாலு இலக்க நம்பர் ஒன்று பளிச்சென்று அடித்திருக்கும். நான் பளிச்சென்று இருந்ததை எழுதினேன். நான் கெட்டிக்காரன் என்று எனக்கு அப்போது நினைப்பு.

இப்போது எஸ்டேட் முதலாளி வருகிறார். பெயர் பரமசிவம். குமுளிக்கு மேலே ஏலத் தோட்டம், வீடு கம்பத்தில். ரெண்டு பொத்தான் வாட்ச் வைத்திருந்தவர்களில் அந்தப் பொத்தானை உண்மையிலேயே பயன்படுத்தின ஒரே ஆள். தோட்டத்தில் பெண்கள் டீ குடிக்க உட்கார்ந்தால் மேல் பொத்தானை அமுக்குவார். எழுந்தால் மறுபடி அமுக்குவார். கூடலூரிலிருந்து குமுளிக்கு மலை ஏறுகிற ஜீப்புக்கும் நேரம் பார்ப்பார். ஒருநாள் தன் வாட்ச்சையே சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஏலே, இப்பத் தொடங்கு" என்று என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு அந்த மூடியில் நான் தேதி கீறவில்லை. கொத்துமல்லி விதை அளவுக்கு ஒரு குரங்கு முகம் கீறினேன். அடுத்த வருடம் சர்வீஸுக்கு வந்தபோது உடம்பும் வாலும் சேர்த்தேன். அதற்கடுத்த வருடம் வால் நுனியில் ஒரு வாட்ச் கட்டிவிட்டேன், இரண்டு பொத்தானோடு. முதலாளி ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார். குரங்கும் அவரோடு தோட்டத்துக்குப் போய் டீக்கு நேரம் பார்க்கும். மனதுக்கு அவ்வளவு நிம்மதி.

மூன்றாவது சர்வீஸ் முடிந்து ஐந்தாறு மாதம் இருக்கும். ஒருநாள் முற்பகல் கடைக்கு முன்னால் போலீஸ் ஜீப் நின்றது. எஸ்.ஐ. இறங்கினார். பின்னாலேயே பரமசிவம் முதலாளி. அப்புறம் ஒரு கான்ஸ்டபிள், அவர் பிடியில் தவமணி.

தவமணி கூடலூர் ஜீப் டிரைவர். முதலாளியின் தோட்டத்துக்குத்தான் ஓட்டினான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பஜாருக்கு வந்தால் என் மேசைக்கு முன்னால் நின்று வம்பளந்துவிட்டுத்தான் போவான். அன்றைக்கு அவன் சட்டையில் மேல் பொத்தான் இரண்டும் இல்லை. "என்னடா, ரெண்டு பொத்தான் வாட்ச்சு வாங்கப் போய் சட்டைப் பொத்தானக் குடுத்துட்டு வந்திட்டியா?" என்று வழக்கம்போல் வாயைத் திறந்துவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். உதடு வீங்கியிருந்தது. நான் வாயை மூடினேன்.

நடந்தது இதுதான். நாலு நாளைக்கு முன்னால் தோட்டத்தில் முதலாளியின் வாட்ச் காணாமல் போயிருந்தது. அன்றைக்கு அவரை மலைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கூட்டிவந்தவன் தவமணி. அவர்கள் எங்கள் கடைக்கு வந்ததற்கு முந்தைய நாள், குமுளி டீக்கடையில் தவமணி கையில் ஒரு ரெண்டு பொத்தான் வாட்ச் இருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். அதே வெள்ளை முகம், அதே கம்பெனி.

"அண்ணாச்சி, இது முதலாளி வாட்ச்சுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னீகன்னா, இவன இப்பவே உத்தமபாளையம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவேன்" என்றார் எஸ்.ஐ.

அண்ணாச்சி எழுந்து கைகழுவப் போனார். விரல் விரலாகத் துடைத்தார்.

"என்ன அண்ணாச்சி, சோறா திங்கப் போறீக?" என்றார் எஸ்.ஐ.

"வேர்வை பட்டா மெசின் துருப்புடிக்கும் சார்" என்று துணியை விரித்தார். வாட்ச்சைக் குப்புறப் போட்டார். "மொதல்ல முதலாளி சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? என் வாட்ச்ச எனக்குத் தெரியாதா? வெள்ளை முகம், சுவிஸ், ரெண்டு பொத்தான். மூணு தடவை உங்க கடையிலதான் சர்வீஸ் பண்ணிருக்கேன். உங்க நோட்டுல நம்பரே இருக்கும்."

அண்ணாச்சி எழுதினார். வாசித்துக் காட்டினார். "இப்ப நீ சொல்லுப்பா."

தவமணி சொன்னான். "எங்க அளியன் குடுத்தது அண்ணாச்சி. தங்கச்சி வீட்டுக்காரர், கட்டப்பனையில. துபாய்ல இருந்து வந்தப்பக் குடுத்தாக. கொச்சியில யாருகிட்டயோ வாங்குனதாம். முதலாளி பாத்தா அதுக்கும் நேரம் பாப்பாகன்னு பயந்து, தோட்டத்துக்குக் கட்டிட்டுப் போனதில்ல. உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, நான் திறந்தே பாத்ததில்ல."

"உங்க அளியனக் கேக்கலாமா?" என்றார் அண்ணாச்சி.

"திரும்பத் துபாய் போயிட்டாக. கடுதாசி போட்டா பதில் வர ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசம் நீ உள்ள இருந்தேன்னா, ஜீப்ப வேற ஆளு ஓட்டுவான்" என்றார் முதலாளி.

அண்ணாச்சி வாட்ச்சைத் திறக்காமலே மேல் பொத்தானை லென்ஸில் பார்த்தார். "இந்தப் பொத்தான் அதிகமா அமுக்குப்படல. முதலாளி ஒரு நாளைக்கு அம்பது தடவ அமுக்குவாக."

"மாத்திருப்பான்!" என்றார் முதலாளி.

"மாத்தலாம்" என்று அண்ணாச்சி அதையும் எழுதினார். "பாண்டி, நோட்ட எடு."

நோட்டை எடுத்தேன். முதலாளி பெயருக்கு நேரே அந்த நாலு இலக்க நம்பர். அண்ணாச்சி அதைப் பார்த்தார். நாலு பக்கம் பின்னால் திருப்பினார். உத்தமபாளையம் கம்பவுண்டர் ஒருவரின் ரெண்டு பொத்தான் வாட்ச். அதே நம்பர், என் கையெழுத்து.

"இது உள்பக்கத்து நம்பரா?"

"ஆமா அண்ணாச்சி."

"சார், இது மாடல் நம்பர். இதே சாதி வாட்ச் எல்லாத்துலயும் இதேதான் இருக்கும். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." என்னை ஒரு பார்வை பார்த்தார். "கீறலாவது ஒழுங்காப் போட்டியா? என்ன போட்டே?"

இந்த இடத்தில் நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்லவேண்டும். குரங்கு என்று சொன்னால் முதலாளி என் தோலை உரிப்பார், அண்ணாச்சி வேலையை விட்டு நிறுத்துவார். தேதி என்று சொன்னால்? தவமணி வாட்ச்சு எங்கள் கடைக்கே வந்ததில்லை. மூடி சுத்தமாக இருக்கும். கீறல் இல்லாததைப் பார்த்து அவனை விட்டுவிடுவார்கள். நானும் தப்பித்துவிடுவேன். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

"மாசம், வருசம், கொக்கி. நீங்க சொன்ன மாதிரியேதான் அண்ணாச்சி" என்றேன்.

அண்ணாச்சி எழுதினார். வாசித்தார். மூடிக் கத்தியை எடுத்து, விளிம்பில் இருந்த பள்ளத்தில் கொடுத்து, ஒரு திருப்புத் திருப்பினார். மூடி கழன்றது. முதலில் மெசினைப் பார்த்தார். பேலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் கம்பெனி முத்திரை இருக்கிறதா, பொத்தான்களை இயக்குகிற தூண் சக்கரம் இருக்கிறதா, இரண்டையும் பார்த்தார். "மெசின் நல்ல மெசின். முகமும் அதே வீட்டு முகம்" என்றார். பிறகு மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தார்.

"கீறல் இருக்கு" என்றார்.

நான் மறந்துபோனது ஒன்றுதான். எல்லா ஊர் ரிப்பேர்காரனும் தேதி கீறுவான். கொச்சியில் எவனோ ஒருவன் கீறியிருக்கிறான்.

"என்ன மாசம்?" என்றார் எஸ்.ஐ.

"தேஞ்சிருக்கு சார். மூணாவும் இருக்கலாம், எட்டாவும் இருக்கலாம். வருசம் தெரியல. கொக்கியும் தெரியல. மூணு தடவைக்கு மூணு கீறல் இருக்கணும், ஒண்ணுதான் இருக்கு."

"நோட்டுல முதலாளி சர்வீஸ் எந்த மாசம்?"

"எட்டு."

"அப்ப எட்டுதான். கொக்கியும் மத்த ரெண்டு கீறலும் தேஞ்சிருக்கும். சீட்டுல எழுதுன மாதிரியே இருக்கு, அம்புட்டுத்தான். ஏறுடா வண்டியில."

கான்ஸ்டபிள் தவமணியின் தோளைப் பிடித்தார். தவமணி திமிறவில்லை. என்னைப் பார்த்தான். "மாப்ள, நீயே சொல்லு. இது உன் எழுத்தா?"

சாதாரணமாகக் கேட்டான். டீ சொல்லிட்டியா என்று கேட்கிற மாதிரி.

"இல்ல" என்றேன். "சார், அது என் கீறல் இல்ல. நான் பொய் சொல்லிட்டேன். முதலாளி வாட்ச்சுல நான் தேதி போடல."

"பின்ன என்ன போட்டே?"

"குரங்கு."

அண்ணாச்சி அதையும் சீட்டில் எழுதினார்.

"என்னது?" என்றார் முதலாளி.

"மொத வருசம் மூஞ்சி. ரெண்டாம் வருசம் உடம்பும் வாலும். மூணாம் வருசம் வால்ல வாட்ச்சு கட்டுனேன். உங்க வாட்ச்சுல குரங்கு இருக்கும். இதுல இல்ல. அதனால இது உங்க வாட்ச்சு இல்ல."

முதலாளி எழுந்துவிட்டார். "சார், இந்தப் பய அவனுக்குக் கூட்டாளி! கதை கட்டுறான். என் வாட்ச்சு கையில இல்லேங்கிற தைரியத்துல குரங்குங்கிறான், நாளைக்கு யானைம்பான்!"

எஸ்.ஐ. என் பக்கத்தில் வந்தார். "அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"அப்பச் சொன்னது சார்."

"எத வச்சு நம்புறது? ஒருத்தன் வாட்ச்சுக்குள்ள எவனாவது குரங்கு வரைவானாடா?"

"நான் வரைவேன் சார்" என்றேன். "நிறைய வரைஞ்சிருக்கேன்." அப்புறம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "உங்க வாட்ச்சு ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நம்ம கடையிலதான் சர்வீஸுக்கு வந்துச்சு. திறந்து பாருங்க."

எஸ்.ஐ. தன் மணிக்கட்டைப் பார்த்தார். கான்ஸ்டபிள் வெளியே எதையோ பார்க்கத் தொடங்கினார். எஸ்.ஐ. மெதுவாக வாரை அவிழ்த்து அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி அதைத் துணியில் குப்புறப் போட்டார். கத்தியை எடுக்கவில்லை. புதுச் சீட்டு ஒன்றை எடுத்து என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டுத்தான் திறக்கணும்."

"அண்ணாச்சி, திறந்தே பாருங்களேன்..."

"சொல்லு."

"சேவல்" என்றேன். "தொப்பி போட்ட சேவல்."

எழுதினார். "எஸ்.ஐ. சார் வாட்ச்சுல, தொப்பி போட்ட சேவல்" என்று வாசித்தும் காட்டினார். அந்த ஒரு தடவையாவது வாசிக்காமல் இருந்திருக்கலாம். மூடியைக் கழற்றி லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"சேவல் இருக்கு சார். தொப்பி இருக்கு." கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். "இறக்கைக்குள்ள லத்தியும் இருக்கு. அத இவன் சொல்லல."

லத்தி போட்டது எனக்கே மறந்துபோயிருந்தது. எஸ்.ஐ. லென்ஸை வாங்கித் தானே பார்த்தார். பிறகு லென்ஸை மேசையில் வைத்துவிட்டு எனக்கு ஓர் அறை கொடுத்தார். காதுக்குள் பத்து அலாரம் ஒன்றாக அடித்தது. நியாயமான அறை, நான் எதுவும் சொல்வதற்கில்லை.

"அவன விடுய்யா" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார். "முதலாளி, இந்தக் கிறுக்குப் பய சொல்றது நெசமாத்தான் இருக்கும். உங்க வாட்ச்சு கிடைக்கிற வரைக்கும் இது ஸ்டேஷன்ல இருக்கட்டும். டேய், நீ வீட்டுக்குப் போ. ஊர விட்டு மட்டும் போயிராத."

முதலாளி தவமணியை ஜீப்பில் ஏற்றவில்லை. வேறு ஆள் போட்டுவிட்டார். தவமணி கூடலூர் முக்கில் சும்மா உட்கார்ந்திருந்தான்.

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. ஒரு தாளை நீட்டி, இதுவரை யார் யார் வாட்ச்சில் என்னென்ன கீறினேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் போனது. வாங்கி வாசித்தார்.

"என் வாட்ச்சுல?"

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி, தன் வாட்ச்சை அவிழ்த்து, துணியில் குப்புறப் போட்டார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆந்தை" என்றேன். "லென்ஸ் வச்ச ஆந்தை."

அதை அவர் எழுதவில்லை. திறக்கவும் இல்லை. எடுத்துக் கட்டிக்கொண்டு, கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நாளையில இருந்து வெளிப்பக்க நம்பர் எழுதணும். கண்ணு வலிச்சாலும்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்தார். அவர் கடையில் காய் பொறுக்குகிற பெண்கள், ஒரு மூட்டையைக் கொட்டினபோது உள்ளே ஒரு வாட்ச் கிடந்திருக்கிறது. வார் அறுந்திருந்தது. யாருடைய மூட்டை என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று தோட்டத்துக் காய் கலந்து கிடந்ததாம். ரெண்டு பொத்தான் வாட்ச் என்பதால் எங்களிடம் கொண்டுவந்தார். வாட்ச்சை எடுத்தால் கடை முழுக்க ஏலக்காய் மணந்தது. மேல் பொத்தான் தேய்ந்து மழுங்கியிருந்தது.

நான் கத்தியை எடுத்தேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "எல்லாரும் வரட்டும்."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். எஸ்.ஐ., முதலாளி, தவமணி. தவமணி வாசல் பக்கமே நின்றான். அண்ணாச்சி கைகழுவினார், துடைத்தார், துணி விரித்தார், வாட்ச்சைக் குப்புறப் போட்டார்.

"என் வாட்ச்சுதான்! பாத்தாலே தெரியுதே. குடுங்க" என்று முதலாளி கையை நீட்டினார்.

"போன தடவையும் பாத்தாலே தெரியுதுன்னுதான் சொன்னீக முதலாளி. உள்ள என்ன இருக்கும்? சொல்லிட்டுத்தான் திறக்கணும்."

முதலாளி எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சொல்லிருங்க முதலாளி. நான்லாம் சொல்லிட்டேன்" என்றார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். ஆனால் அதைத் திருத்துகிற இடத்தில் நான் இல்லை.

"குரங்கு" என்றார் முதலாளி.

"எப்படிக் குரங்கு?"

"வாலு இருக்கும்."

"வால்ல?"

முதலாளி வாசலில் நின்ற தவமணியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். "வாட்ச்சு கட்டிருக்கும். ரெண்டு பொத்தான்."

அண்ணாச்சி எழுதினார். வாசித்தார். திறந்தார். லென்ஸில் நிதானமாகப் பார்த்தார்.

"சரியாச் சொல்லிட்டீக. உங்க வாட்ச்சுதான்" என்றார். அவர் சிரித்ததை நான் பார்த்த அந்த ஒரு தடவை அதுதான்.

முதலாளியும் லென்ஸை வாங்கிப் பார்த்தார். நான் அழித்துத் தருகிறேன் என்றேன். "நீ இனிமே என் வாட்ச்சத் தொடவே கூடாது" என்றார். கிளம்பும்போது, தவமணியின் முகத்தைப் பார்க்காமல், "காலையில ஆறு மணிக்கு வண்டிய எடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தே முக்காலுக்கே போய் நின்றானாம் தவமணி.

அன்றைக்கே ஸ்டேஷனில் அவன் வாட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் அதைக் கட்டிக்கொள்ளாமல் நேராக என் மேசைக்குக் கொண்டுவந்தான். உதட்டு வீக்கம் வடிந்து, தழும்பு மட்டும் இருந்தது.

"சர்வீஸ் பண்ணித் தா மாப்ள. உள்ள அடையாளமும் போட்டுரு."

எனக்குக் கை துறுதுறுத்தது. "என்ன போடட்டும்? ஜீப் ஓட்டுற கரடி? மலை ஏறுற கழுதை?"

தவமணி குனிந்து, என் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தான்.

"தேதி போடுடா" என்றான். "தேதி மட்டும் போடு."

போட்டேன். மாதம், வருடம், கொக்கி.